டில்லிக் குடையும் கடைமடை நிழலும்

குடை பிடிக்கிறார்களாம் நமக்கு! டில்லியிலே தைத்த பெரிய குடை. குமரி முதல் காசுமீரம் வரை விரிந்த குடை. ஊர்தோறும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் யாவும் இதன் நிழலில் வந்து ஒண்டிக்கொள்ளலாம், இனி வெயிலுக்கும் அஞ்ச வேண்டாம், மழைக்கும் அஞ்ச வேண்டாம் என்று அழைக்கிறார்கள். தேசியக் குடை அமைப்பு என்று அதற்குப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

2021 ஜூலை 6ஆம் நாள், மைய ஆட்சியில் கூட்டுறவுக்கென்றே தனி அமைச்சகம் பிறந்தது. பிறந்த குழந்தை தவழவில்லை, நடக்கவில்லை. எழுந்தவுடன் ஓடத் தொடங்கிவிட்டது. 2022 ஜூனில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்குக் கணிப்பொறி வைக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம். 2023இல் சங்கங்கள் அனைத்துக்கும் பொதுவான மாதிரித் துணைவிதிகள். அதே ஆண்டில் ஏற்றுமதிக்கு ஒரு தேசியச் சங்கம், இயற்கை வேளாண் பொருளுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று. 2024 மார்ச் 2ஆம் நாள் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கென ஒரு தேசிய நிதி நிறுவனம். 2025இல் குசராத்தின் ஆனந்து நகரில் கூட்டுறவுப் பல்கலைக்கழகம். அவ்வாண்டு ஜூலையில் தேசியக் கூட்டுறவுக் கொள்கை. விதைச் சங்கத்துக்கு இட்ட பெயர் என்ன தெரியுமோ, தோழர்களே? ‘பாரதிய பீஜ் சககாரி சமிதி’! விதை தமிழனின் வயலுக்கு. பெயர் மட்டும் தமிழனின் வாயில் நுழையாதது. தன் சங்கத்தின் பெயரைச் சொல்ல நாக்கை முறுக்க வேண்டிய உழவன், அச்சங்கத்தைத் தன்னுடையது என்று எப்படி நினைப்பான்?

பெயரைப் பற்றிப் பேசி நேரத்தைப் போக்குகிறோம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சரி, பெயரை விட்டு ஊருக்கு வருவோம்.

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி நோக்கிச் செல்லும் சாலையில் பூவம் என்றொரு சிற்றூர். காவிரியின் கடைமடை. சற்று அப்பால் நண்டலாறு. ஆற்றுக்கு இக்கரையில் உள்ளவர் புதுவை ஒன்றியப் பகுதியின் மக்கள். அக்கரையில் உள்ளவர் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்து மக்கள். இருகரையிலும் ஒரே நெல், ஒரே மொழி, ஒரே கொண்டான் கொடுத்தான் உறவு. வெள்ளம் வந்தால் இருகரையும் மூழ்கும். காவிரி வராவிட்டால் இருகரையும் காயும். எல்லையை வகுத்தது அவர்களல்லர். 1620இல் தரங்கம்பாடியில் டேனியன் கோட்டை கட்டினான். 1845இல் அதை ஆங்கிலேயனுக்கு விற்றான். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் முதல் நாள்வரை விடவில்லை. மூன்று அந்நியர் பேரம் பேசி வகுத்த வேலியை, அந்நியர் போனபின்னும் சாவடி போட்டுக் காத்து வருகிறோம்! அது கிடக்கட்டும்.

இந்த இருகரை உழவரும் ஒருநாள் கூடிப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “நெல்லை ஒன்றாக உலர்த்துவோம், ஒன்றாக விற்போம், உரத்தை ஒன்றாக வாங்குவோம், ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைப்போம்” என்று முடிவு செய்கிறார்கள். அரைமணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய பரப்புதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம்! 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் அதன்மேல் பாயும். இக்கரையில் ஐம்பதின்மர், அக்கரையில் ஐம்பதின்மர் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பம் காரைக்காலுக்கும் போகாது, மயிலாடுதுறைக்கும் போகாது. டில்லியில் வீற்றிருக்கும் மையப் பதிவாளரின் மேசைக்குப் போகும். 2023இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அச்சங்கத்தின் தேர்தலை நடத்தும் அதிகாரமும் டில்லி அமைக்கும் கூட்டுறவுத் தேர்தல் ஆணையத்தினுடையது. நண்டலாற்றைத் தாண்ட ஒரு பாலம் போதும்; சட்டத்தைத் தாண்ட இரண்டாயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்!

“குடை விரிந்திருக்கிறது” என்கிறார்களே, அது எங்கே விரிந்திருக்கிறது, யார் தலைக்குமேல், காம்பு யார் கையில் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே சொல்லும்.

அன்பர்கள் அவசரப்பட்டு, இவர்கள் ஒற்றுமைக்கே பகைவர்கள், ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே தவித்துச் சாகட்டும் என்கிறார்கள் என்று பழி சுமத்த வேண்டாம். குடையே கூடாது என்பது நமது கட்சியன்று. நாட்டிலே இருவகைக் குடை உண்டு. ஒன்று வெண்கொற்றக் குடை; அரசன் தலைக்குமேல் அடியாள் பிடிப்பது; நிழல் சிறிது, பகட்டுப் பெரிது. மற்றொன்று நடவு வயலில் உழைப்பவள் தானே முடைந்து தானே சூடிக்கொள்ளும் ஓலைக்குடை. அவள் குனிந்தால் அதுவும் குனியும், அவள் நிமிர்ந்தால் அதுவும் நிமிரும். கூட்டுறவுக்கு வேண்டிய குடை இரண்டாவது வகை. அது வெறும் கனவு என்பவருக்கு வரலாற்றைக் காட்டுவோம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பெரும்பாலும் நெசவாளர்களான இருபத்தெண்மர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் சரியான எடைக்கு விற்பதே அவர்கள் செய்த புரட்சி. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கடைகள் முளைத்தன. பிறகுதான், அக்கடைகள் சேர்ந்து 1863இல் மொத்தக் கொள்முதலுக்கு ஒரு சங்கம் அமைத்தன. 1869இல் சட்டத்துக்கும் கல்விக்கும் கணக்குக்கும் துணை நிற்க ஒரு கூட்டுறவு ஒன்றியம் கண்டன. கடை முதலில், ஒன்றியம் பிறகு. வேர் முதலில், கிளை பிறகு! செருமனியில் ரைபைசன் தொடங்கிய சிற்றூர்க் கடன் சங்கங்களுக்கும் அவ்வாறே கூட்டமைப்புகள் எழுந்தன. சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையை அக்கூட்டமைப்புகளே ஏற்றன. தணிக்கையாளரை அனுப்புபவன் அமைச்சன் அல்லன். சங்கங்களே கூடி அமைத்த அமைப்பு. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

வெள்ளைக்காரன் நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பார் சிலர். நம் கடற்கரைக்கே வாருங்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாடு என்னும் மீனவச் சிற்றூர். வலையும் படகும் மீனவருடையவை. ஆனால் கரையில் வந்து விழும் மீன், முன்பணம் கொடுத்த தரகருடையது. விலையைச் சொல்பவரும் அவரே, கடனைக் கணக்கிடுபவரும் அவரே. அங்கே மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து முதலில் பிடித்த இடம் எது? கரையில் நடக்கும் ஏலம்! மீனின் முதல் விற்பனையைச் சங்கம் தன் கைக்குள் கொண்டுவந்தது; விற்ற தொகையிலிருந்து கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு என்று பிடித்தது; தரகரின் பிடி தளர்ந்தது. அத்தகைய சங்கங்கள் பெருகி, மாவட்டக் கூட்டமைப்புகளாகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. குமரி மாவட்டத் தமிழ் மீனவரும் அதில் உண்டு. ஒட்டுப்பலகைப் படகு கட்டுவது, வெளிப்பொறி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது, உதிரிப்பாகம் தருவது என, ஒரு சிற்றூர்ச் சங்கத்தால் தனியே செய்ய முடியாத வேலைகளை அந்த மேலமைப்பு செய்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது நாகப்பட்டினத்தில் துயர் துடைப்புப் பணிகளை ஒருங்கிணைக்க முன்னின்ற அமைப்புகளில் இதுவும் ஒன்று. காளிக்குப்பத்திலும் மண்டபத்தூரிலும் வலையுலர்த்தும் நம் மீனவத் தோழர்கள் இந்த வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழிருந்து எழுந்த குடை எப்படி நிழல் தரும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று இல்லை.

நம் நாட்டில் அகில இந்திய அமைப்பு என்று முன்பே ஒன்றும் இல்லாமலா போயிற்று? இருந்தது. 1929இல் அகில இந்தியக் கூட்டுறவு நிலையங்களின் சங்கம் தோன்றியது. பல வடிவம் மாறி 1961இல் இந்திய தேசியக் கூட்டுறவு ஒன்றியம் ஆயிற்று. கூட்டுறவுக் கல்வி, பயிற்சி, பரப்புரை இவையே அதன் கடமை. வேண்டிய கடமைகள்தாம். ஆனால் அதன் குரல், சங்கங்களின் குரலாக ஆட்சிக்குக் கேட்டதைவிட, ஆட்சியின் குரலாகச் சங்கங்களுக்குக் கேட்டதே மிகுதி. அதற்கு அடுத்து, நாடாளுமன்றச் சட்டத்தின் வழி 1963இல் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் வந்தது. அது பணம் தரும் கை. பணம் தரும் கைக்கும் பாதுகாக்கும் கைக்கும் வேறுபாடு உண்டு. பணம் தரும் கை, கணக்குக் கேட்கும். கணக்குக் கேட்கும் கை, நாளடைவில் காதையும் பிடித்துத் திருகும்.

பழங்கதை ஒன்றை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. கூட்டுறவு டில்லியிலிருந்து தென்னாட்டுக்கு வந்த சரக்கன்று. 1892இல் சென்னை மாகாண ஆட்சி, பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பிக் கடன் சங்கங்களை ஆராயச் செய்தது. அவருடைய அறிக்கை 1895லும் 1897லும் இரு பாகங்களாக வந்தது. 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் உழவர் கடன் சங்கம் பதிவாயிற்று. காஞ்சியில் நகர வங்கி எழுந்தது. திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம் கடை விரித்தது. 1935இல் கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கெல்லாம் தலைமைச் சங்கமாகக் கோ-ஆப்டெக்ஸ் உருவாயிற்று. நூலை மொத்தமாக வாங்கவும் துணியை மொத்தமாக விற்கவும் நெசவாளர் சங்கங்களுக்குத் தமிழ் மண்ணிலேயே கிடைத்த குடை அது. தென்னாட்டானுக்குக் கூட்டுறவு கற்பிக்க ஆனந்து நகரிலிருந்து ஆசிரியர் வரவேண்டும் என்பவர், இந்த ஆண்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றாலே இளைஞர்க்குக் கொட்டாவி வரும். ஆனால் நம்மைக் கட்டும் கயிறு சட்டத்தில்தானே திரிக்கப்படுகிறது! 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கூட்டுறவை மாகாணங்களின் பொறுப்பில் விட்டது. அரசமைப்புச் சட்டமும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில், 32ஆம் இனத்தில், கூட்டுறவுச் சங்கங்களை வைத்தது. 97ஆம் திருத்தம் என்ற பெயரில், 2012 பிப்ரவரி 15 முதல், மாநிலச் சங்கங்களின் நிர்வாகக்குழு இத்தனை பேர், பதவிக்காலம் இத்தனை ஆண்டு என்றெல்லாம் டில்லி விதித்தது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியேனும் ஒப்புதல் தரவேண்டும் என்ற முறையை மட்டும் மறந்துவிட்டது. 2013இல் குசராத்து உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2021 ஜூலை 20ஆம் நாள் உச்சநீதிமன்றமும், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று உறுதி செய்தது. நாளைக் கவனித்தீர்களா? ஜூலை 6இல் அமைச்சகம். ஜூலை 20இல் தீர்ப்பு. பதினான்கே நாள்! கதவு வழியே வரக்கூடாது என்று நீதிமன்றம் தாழிட்டது. சாளரத்தின் வழியே வருவதற்கு ஏணி அதற்கு முன்பே சார்த்தப்பட்டிருந்தது.

அந்தச் சாளரம்தான் பல மாநிலச் சங்கம். 2023ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு மாநிலக் கூட்டுறவுச் சங்கம் தன்னை இருக்கின்ற பல மாநிலச் சங்கத்தோடு இணைத்துக்கொள்ள வழி வகுத்தது. பாதை டில்லி நோக்கிச் செல்கிறது. நலிந்த சங்கங்களுக்கு மறுவாழ்வு நிதி ஒன்றும் அத்திருத்தத்தில் உண்டு. தொடர்ந்து மூன்றாண்டு ஆதாயம் கண்ட சங்கங்கள் நிகர ஆதாயத்தில் நூற்றுக்கு ஒன்று, அல்லது ஒரு கோடி ரூபாய், எது குறைவோ அதைச் செலுத்த வேண்டும். நல்ல எண்ணம்போல் தோன்றும். ஆனால் நலிவு எதனால் வந்தது, வறட்சியாலா, வாரிச் சுருட்டியதாலா என்று யார் பார்ப்பது? நேர்மையாக நடத்தியவன் பணத்தில், நேர்மையற்றவன் கடைக்குச் சுண்ணாம்பு அடிப்பதா?

பால் வடிந்த கதையைச் சொல்கிறோம், கேளுங்கள். ஆவின், தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவு; அமுல், குசராத்துப் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவு. அமுலை நாம் இகழோம். தனியார் வணிகனிடமிருந்து உழவனை மீட்ட பெருமை அதற்கு உண்டு. ஒருவர் பாற்பரப்பில் மற்றவர் கைவைப்பதில்லை என்பது கூட்டுறவு உலகின் நாகரிகமாக இருந்தது. கைரா மாவட்டச் சங்கம், தனக்கிருந்த பல மாநில உரிமத்தைக் காட்டிக் கிருட்டிணகிரி மாவட்டத்தில் குளிர்விப்பு நிலையம் அமைத்துப் பால் கொள்முதலில் இறங்கியபோது, 2023 மே மாதம் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மையக் கூட்டுறவு அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. இரு கூட்டுறவுகளும் மோதினால் உடையப்போவது எது? பெரியதா, சிறியதா? ‘உற்பத்தியாளனுக்குக் கூடுதல் விலை கிடைக்குமே’ என்று வாதிப்பார்கள். கிடைக்கும், தொடக்கத்தில். போட்டியாளன் ஓய்ந்தபின் விலை சொல்பவன் ஒருவனே அல்லவா? தரகரை விரட்டிய கையே தரகராக மாறும் நாள் அது. உண்மையான தேசிய ஒன்றியம் ஒன்று இருந்திருந்தால், இரு சங்கத்தையும் ஒரே பாயில் அமரவைத்து எல்லை பிரித்துக் கொடுத்திருக்கும். முதலமைச்சர் கடிதம் எழுத வேண்டிய தேவை எழுந்திராது.

மாநிலத்துக்கு நேர்வது இது. மாநிலமே அல்லாத காரைக்காலுக்கு? புதுவைக்குச் சட்டமன்றம் உண்டு; 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமும் உண்டு. ஆனால் ஒன்றியப் பகுதிக்காக மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்று அரசமைப்பின் 246ஆம் பிரிவு கூறுகிறது. உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டிக்கொடுத்த மதில், நண்டலாற்றின் அக்கரையோடு நின்றுவிடுகிறது! பூவத்து உழவனுக்குக் கூட்டுறவுப் பதிவாளர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுவையில். அவருக்கு மேலே டில்லி. காவிரி நடுவர் மன்றம் 2007இல் காரைக்காலுக்கென 7 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் ஒதுக்கியது. 2018இல் உச்சநீதிமன்றமும் அதை மாற்றவில்லை. தாளில் இருப்பது கடைமடைக்கு வந்து சேர எத்தனை மதகு தாண்ட வேண்டும் என்பதை இவ்வூராருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கூட்டுறவு நிதிக்கும் அதே வாய்க்கால்தான்.

ரேஷன் கடையின் கதையும் உண்டே! 2015இல் டில்லி, புதுவையிலும் சண்டிகரிலும் அரிசிக்கு மாற்றாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டத்தைத் தொடங்கியது. அரிசியா, பணமா என்று நாராயணசாமி அமைச்சரவையும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் மோதினர், வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது, பணமே வென்றது. புதுவையின் ரேஷன் கடைகளில் பல, கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தியவை. கடை பூட்டினால் எடைக்கல் மட்டுமா துருப்பிடிக்கும்? சங்கத்தின் வருவாய் போயிற்று. கடை ஊழியர் ஊதியமின்றித் தவித்தனர். உறுப்பினருக்குச் சங்கத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் திறந்தன. ஆற்றுக்கு அக்கரையில் இத்தனை ஆண்டும் கூட்டுறவுக் கடையில் அரிசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். இக்கரையில் பூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டுறவுக் கடைகளை மூடும்போது, கூட்டுறவைக் காக்கும் தேசிய ஒன்றியத்தின் குடை எங்கே மடங்கிக் கிடந்தது?

இவ்வளவும் டில்லியைக் குறித்து. இனி, நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பகுத்தறிவு என்பது அடுத்தவன் மூடத்தனத்தைச் சுட்டுவதோடு முடிவதன்று.

1976இல் குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது தமிழ்நாட்டில் கூட்டுறவு நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டன. தனி அலுவலர் வந்தமர்ந்தனர். மறுபடி தேர்தல் நடந்தது 1996இல்! இடையில் யார் யார் ஆண்டார்கள்? கலைத்தது டில்லியின் கை என்றால், இருபது ஆண்டு திறக்காமல் வைத்தது யார் கை? மாநிலத் தன்னாட்சி பேசியவர்களும் ஆண்டார்கள். ஆண்டும், ஊர்ச் சங்கத்தின் தன்னாட்சி நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் ஆட்சி மாறினால் குழு கலைவதும், தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்காரர் மனு மட்டும் ஏற்கப்படுவதாக எதிர்க்கட்சிகள் அலறுவதும் வாடிக்கையாயிற்று. டில்லி நம்மிடம் செய்வதை நாம் ஊரிடம் செய்தோம். 2021இல் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது. 16 இலட்சத்து 43 ஆயிரம் உழவர்க்குப் பயன் என்று அறிவித்தது. வறியவன் சுமை இறங்கியதில் நமக்கு மகிழ்ச்சியே. அதே ஆண்டு 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்குப் பட்டியல் எடுத்து ஆராய்ந்தபோது வெளிவந்த முறைகேடுகளைப் படித்துத் தலைகுனிந்தோம். பொதுக்குழுவில் கணக்கைக் கேட்கும் உறுப்பினர் பத்துப்பேர் இருந்திருந்தால், அரசு அதிகாரி வந்து கண்டுபிடிக்கும் வரை அது மறைந்திருக்குமா?

கணக்குக் கேட்க உறுப்பினன் வரவேண்டும். உறுப்பினனாக நிலம் வேண்டும். நிலமோ உழைப்பவனிடம் இல்லை! இதுதான் டெல்டாவின் பழைய நோய். 1951இல் தொடங்கி 1954இல் அறிக்கை தந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கும் கடனில் நூற்றுக்கு மூன்று ரூபாய்தான் கூட்டுறவு தருகிறது, எழுபது ரூபாய்வரை வட்டிக்கடைக்காரனே தருகிறான் என்று கண்டது. மருந்தாக, அரசே சங்கங்களில் பங்கு சேரட்டும் என்றது. அரசின் பங்கோடு அரசின் அலுவலரும் வந்தார். ஆனால், சங்கத்தின் நாற்காலியில் யார் அமர்ந்திருந்தார்? மிராசுதாரரே. குத்தகைச் சாகுபடி செய்பவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் பெயரில்லாதவனுக்குச் சங்கத்தில் கடனில்லை. கடனில்லாதவன் மறுபடி மிராசுதாரர் வாசலிலேயே கைகட்டி நிற்பான். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1969இல்தான் வந்தது. அதற்கு முந்திய டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 உயிராக எரிந்தன.

ஆனால் இந்த மண்ணிலேயே கூட்டுறவு வேறொரு முகமும் காட்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1920களில், தொழிலாளர் துறை ஆதித்திராவிட மக்களுக்கு மனை வாங்கித் தரும் வேலையை மேற்கொண்டது. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் மறுநாள் கூரை இராது. அம்மக்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அரசிடம் கடன் பெற்று, மனையை விலைக்கு வாங்கித் தவணையில் அடைத்தனர். எண்ணிப் பாருங்கள்: ஒரு வேளைக் கஞ்சியை மிச்சம் பிடித்துத் தவணை கட்டிய கைகள் அவை! ‘எழுந்து போடா’ என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லாத நான்கு சுவரடி மண்ணைக் கூட்டுறவு பெற்றுத் தந்தது. கைத்தறியாளனுக்கு நூலும் உழவனுக்கு உரமும் கொடுத்ததைவிட, இதுவே கூட்டுறவின் உயர்ந்த பணி என்பது நமது கருத்து. பிரெஞ்சுக் கொடி பறந்ததால், நண்டலாற்றின் இக்கரைக்கு அதுவும் வரவில்லை.

97ஆம் திருத்தம் எழுதியோர், இருபத்தொருவர் வரை அமரும் குழுவில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு இரண்டிடம் என்றனர். இருபத்தொன்றில் ஒன்று! உழைப்பவரில் பாதிப்பேரான பெண்டிர்க்கு இரண்டு! கோயில் வாசலில் நிற்கவைத்தவனைச் சங்கத்தின் வாசலிலும் நிற்கவைத்து, உள்ளே ஒரு முக்காலி போட்டிருக்கிறோம் என்று பெருமை பேசுவதற்கு ஒரு தேசியச் சட்டம்!

அப்படியானால் தேசிய அமைப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. 2019 செப்டம்பரில் பம்பாயின் பஞ்சாப்–மகாராட்டிரக் கூட்டுறவு வங்கி கவிழ்ந்தபோது, தம் பணத்தில் முதலில் ஆயிரம் ரூபாய்க்குமேல் எடுக்கக்கூடாது என்று சொல்லப்பட்டு, முதியோர் வங்கி வாசலில் நின்று கதறினர். கட்டிடம் கட்டும் ஒரே குழுமத்துக்குக் கடனில் பெரும்பகுதியை அள்ளிக் கொடுத்து, போலிக் கணக்குகளால் மறைத்திருந்தனர். சிறு வங்கி தனியே நின்றால் இத்தகைய புயலைத் தாங்காது. தணிக்கை, அவசரக் காலத்துக்குக் கைம்மாற்று நிதி, திருடனுக்கு உடைபடாத கணிப்பொறி ஏற்பாடு இவற்றைத் தனித்தனியே வாங்க எந்தச் சிறு சங்கத்தாலும் ஆகாது. நகர வங்கிகளுக்கு 2024இல் வந்த நிறுவனம் இந்தப் பணிகளைச் செய்யும் என்கிறார்கள், செய்யட்டும், வரவேற்போம். 63,000 சங்கங்களுக்குக் கணிப்பொறி வருவதையும் வரவேற்போம். கணிப்பொறிக்குச் சாதியில்லை, திண்ணையில் உட்கார்ந்து ஏட்டைத் திருத்தும் கணக்கப்பிள்ளையைவிட அது மேல். ஆனால் நபார்டு வங்கியின் பொறுப்பில் நாடு முழுதும் ஒரே மென்பொருள் என்கிறார்களே, அதில் பூவத்து உறுப்பினன் தன் கணக்கைத் தமிழில் தானே பார்க்க முடியுமா, அல்லது டில்லி மட்டும் பார்க்குமா? இதைக் கேட்டுவிட்டுத்தான் கைதட்ட வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. தேசிய அமைப்பின் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்போர் ஊர்ச் சங்கங்களா, அல்லது பெரிய உர நிறுவனமும் வளர்ச்சிக் கழகமும் தம்முள் பேசி நியமித்துக்கொள்வோரா? ஏற்றுமதிச் சங்கத்தையும் விதைச் சங்கத்தையும் தோற்றுவித்தவை இப்கோவும் கிரிப்கோவும் நபெட்டும் வளர்ச்சிக் கழகமும் போன்ற பேரமைப்புகளே. ஊர்ச் சங்கம் பிறகு பங்கு வாங்கிச் சேரலாம் என்று கதவு வைத்திருக்கிறார்கள். ராச்டேலில் கடை முதலில், ஒன்றியம் பிறகு என்றோமே. இங்கே மாளிகை முதலில், பிறகுதான் குடிசைக்கு அழைப்பு! ஏற்றுமதிச் சங்கம் கடல்கடந்து விற்கும் அரிசிக்கு ஆதாயம் வந்தால், அதில் நெல் விளைத்தவனுக்கு எத்தனை பங்கு என்று எந்த ஊர்ப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுவார்கள்? தணிக்கையாளர் யாருக்கு அறிக்கை தருவார், உறுப்பினர்க்கா, அமைச்சகத்துக்கா? செருமானியக் கூட்டமைப்பை எடுத்துக்காட்டியது இதற்காகத்தான்.

தோழர்களே, கடவுள் பேரால் ஏமாற்றியவனைக் கேள்வி கேட்கக் கற்ற நாம், கணக்கின் பேரால் ஏமாற்றுபவனை மட்டும் கேளாமல் விடுவது ஏன்? சாமியார் சொன்னால் நம்பாதவன், ‘மேலிடம் பார்த்துக்கொள்ளும்’ என்று செயலாளர் சொன்னால் நம்பிக் கையொப்பம் இடுகிறானே! மன்றம் தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே இனி, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதியும் சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கையும் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த தம்பிகள் அதைப் படித்து, தெரியாத பெரியவர்க்குச் சொல்லட்டும். பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஆண்டில் ஒருநாள் வேலையை விட்டுப் போகட்டும். நிலமில்லாத குத்தகையாளும் பெண்களும் உறுப்பினராக மனுக் கொடுக்கட்டும். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கட்டும்.

டில்லிக்கும் நாம் ஒரு வேலை தருவோம். பூவத்தில் ஐம்பதின்மரும் தரங்கம்பாடி வட்டத்தில் ஐம்பதின்மரும் கையெழுத்திட்டு, இருகரைக்கும் பொதுவான நெல் விற்பனைச் சங்கத்துக்கு மனு எழுதுவோம். சென்னையும் புதுவையும் கலந்து பேசி, அத்தகைய எல்லையோரச் சங்கங்களை இரண்டில் ஒரு பதிவாளரிடமே பதிய வழிசெய்யுமாறு நாடாளுமன்றத்தில் திருத்தம் கோரட்டும் என்று அம்மனுவின் படி ஒன்றை இரு சட்டமன்றங்களுக்கும் அனுப்புவோம். மற்றொரு படி, இந்திய தேசியக் கூட்டுறவு ஒன்றியத்துக்கு. மனுவைத் தமிழிலேயே எழுதுவோம். எத்தனை நாளில், எந்த மொழியில் விடை வருகிறது என்று பார்ப்போம்.